கையும் கல்லுமாக...

ஏற்காடு பஸ்ஸில் ஏறுகிறவர்களை சேலம் பஸ் ஸ்டாண்டிலேயே ரகம் பிரித்து விடலாம். புது மஞ்சள் கயிறும் கூலிங் கிளாஸும் என்றால் தேன்நிலவு. பத்துப் பேர், ஒரே கலர் தொப்பி, பின் சீட்டில் கானா என்றால் ஆபீஸ் டூர் (மேனேஜர் முன் சீட்டில் தூங்குவது மாதிரி நடித்துக்கொண்டிருப்பார்). பெரிய பெட்டியும் அழுது சிவந்த கண்ணும் என்றால் போர்டிங் ஸ்கூலில் பிள்ளையை விட்டுவிட்டு வரப் போகிற அப்பா, அம்மா.

நாலாவதாக ஒரு ரகம் இருக்கிறது. தோளில் பை, இடுப்பில் சுத்தியல், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் குட்டி பூதக்கண்ணாடி. இவர் ஏரிக்கும் போகமாட்டார், லேடீஸ் சீட்டுக்கும் போகமாட்டார். இருபது ஹேர்பின் வளைவுகளில் ஏதோ ஒன்றில், கண்டக்டர் திட்டத் திட்ட இறங்கி, ரோடு போடுவதற்காக மலையை வெட்டிய இடத்தில் போய் நின்று 'ணங்... ணங்...' என்று ஆரம்பித்து விடுவார்.

'என்னா தம்பி, புதையலா?' என்று கேட்காமல் தாண்டிப் போகிற டூவீலர் சேலம் மாவட்டத்தில் கிடையாது.

புதையல் இல்லை ஐயா. பிஎச்.டி.!

இந்த ரகத்தில் ஒருவர் எனக்குப் பழக்கம். நண்பனின் தம்பி. ஓமலூர்ப் பக்கம் வீடு. சேர்வராயன் மலைப் பாறைகளில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி, நாலாவது வருஷம். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய கைடு வாரப் பத்திரிகைகளை அட்டை முதல் அட்டை வரை படிப்பவராம். ஆகவே 'தம்பி' என்றே வைத்துக்கொள்வோம். அடியேன் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே கல், கல்லாப்பெட்டி. இருந்தாலும் ரெண்டு நாள் அவருடன் மலையில் திரிந்ததில், ஒரு டாக்டர் எப்படித் தயாராகிறார், அதற்கு யார் என்ன செலவு செய்கிறார்கள் என்ற கணக்கு ஓரளவு பிடிபட்டது.

முதலில் கல்லைப் பார்த்து விடுவோம்.

ஏற்காட்டில் நீங்கள் சாய்ந்து நின்று செல்ஃபி எடுக்கிற கறுப்புப் பாறை இருக்கிறதே, அதற்கு சார்னோகைட் என்று பெயர். பெயர் வந்த கதை சுவாரஸ்யமானது. ஜாப் சார்னாக் என்று ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி ஏஜெண்ட். கல்கத்தாவை நிறுவியவர் என்று பாடப் புத்தகங்களில் போட்டுக்கொண்டிருந்தார்கள். (2003-ல் கல்கத்தா ஹைகோர்ட், 'நிறுவனரெல்லாம் இல்லை' என்று சொல்லி அந்தப் பதவியைப் பறித்துவிட்டது.) அவர் இறந்த பிறகு கல்கத்தாவில் அவருடைய சமாதிக்கு வைத்த கல், சென்னைப் பக்கத்திலிருந்து போனது. இருநூறு வருஷம் கழித்து தாமஸ் ஹாலந்து என்ற ஜியாலஜிஸ்ட் அந்தச் சமாதிக் கல்லையும் பரங்கிமலை, பல்லாவரம் பாறைகளையும் பார்த்து, 'இது தனி ஜாதி' என்று முடிவு செய்து, 1893-ல் செத்தவர் பெயரையே கல்லுக்கு வைத்தார். மனுஷனுக்குப் பதவி போய்விட்டது; கல்லுக்கு வைத்த பெயர் அண்டார்டிகா வரை போயிருக்கிறது. அங்கேயும் இந்தக் கல் உண்டு.

பரங்கிமலை ஸ்டேஷனில் தினம் மின்சார ரயில் பிடிக்கிற வாசகர்களே, நாளைக் காலையில் தொங்கிக்கொண்டு போகும்போது அந்த மலையை ஒரு தடவை மரியாதையாகப் பாருங்கள். தேசிய புவியியல் சின்னம் என்று அறிவிக்கப்பட்ட மலை அது.

பல்லாவரம் என்றதும் இன்னொரு பெயர் வருகிறது. ராபர்ட் ப்ரூஸ் ஃபூட். 1863 மே 30-ம் தேதி பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியிலிருந்து ஆதி மனிதன் செதுக்கிய கல் கருவி ஒன்றை எடுத்து, இந்தியாவின் கற்காலத்துக்கே பிள்ளையார் சுழி போட்டாரே, அவர்தான். ஆனால் அவருடைய உத்தியோகம் தொல்பொருள் இல்லை. ஜியாலஜிகல் சர்வேயில் பாறை பார்க்கிற வேலை. 1858-ல் சேர்ந்தார். வில்லியம் கிங் என்ற சக அதிகாரியும் இவரும் சேலம், திருச்சி, தஞ்சாவூர், தென்னாற்காடு ஜில்லாக்களின் பாறைகளைப் பற்றி எழுதிய அறிக்கை 1864-ல் வந்தது. ரிட்டயரான பிறகு, சுற்றிப் பார்த்த அத்தனை ஊரையும் விட்டுவிட்டு ஏற்காட்டில் வந்து குடியேறினார். 1912-ல் இறந்தார். ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருக்குக் கல்லறை இருக்கிறது. (உபரித் தகவல்: தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்துப் புத்தகம் போட்ட பெர்சிவல் பாதிரியார் இவருக்கு மாமனார்.)

தம்பி வருஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கல்லறையைப் போய்ப் பார்ப்பாராம்.

'கும்பிடுவீங்களா?'

'இல்லீங்கண்ணா. கல்லறைக்கு என்ன கல்லு போட்டிருக்காங்கன்னு பார்ப்பேன்.'

ஃபூட் பிஎச்.டி. செய்தவர் இல்லை. அந்தக் காலத்துப் பயிற்சி என்பது, ஒரு சீனியர் பின்னால் குதிரையிலும் கால்நடையாகவும் போவது, ராத்திரி கூடாரத்தில் உட்கார்ந்து அன்றைக்குப் பார்த்ததை நோட்டில் எழுதுவது, மறுநாள் காலை சீனியரிடம் திட்டு வாங்குவது. 160 வருஷத்தில் குதிரை போய் பஸ் வந்திருக்கிறது. கூடாரம் போய் லாட்ஜ். திட்டு அப்படியே இருக்கிறது.

தம்பியின் கைடு முதல் மூன்று மாதம் சுத்தியலைத் தொடவே விடவில்லையாம். 'முதல்ல வரை' என்றாராம். ஒரு ஹேர்பின் வளைவின் வெட்டுப் பாறையைக் காலை எட்டு மணியிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்து படமாக வரைய வேண்டும். எங்கே வரி ஓடுகிறது, எங்கே மடிகிறது, எங்கே வெள்ளை நரம்பு குறுக்கே வெட்டுகிறது. பேனா கூடாது, பென்சில்தான். ஏற்காட்டில் எப்போது மழை வரும் என்று ஏற்காட்டுக்கே தெரியாது. மை கரைந்தால் ஒரு நாள் வேலை கரைந்தது. போட்டோ எடுத்தால் என்ன என்று தம்பி கேட்டிருக்கிறார். 'போன் பார்க்கும். நீ எப்ப பார்ப்பே?' என்று பதில் வந்திருக்கிறது.

அப்புறம் காம்பஸ். பாறை அடுக்கு எந்தத் திசையில் ஓடுகிறது, எத்தனை டிகிரி சாய்கிறது என்று அளக்க வேண்டும். கைடு ஒரு தடவை, மாணவர் ஒரு தடவை. ரெண்டு பேருக்கும் அஞ்சு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி. அப்புறம்தான் சுத்தியல். வெளித் தோலில் இருக்கிற கல் வெயிலிலும் மழையிலும் கெட்டுப் போய் பழுப்பாக இருக்கும். அது சாட்சிக்கு ஆகாது. உடைத்து உள்ளே போனால் எண்ணெய் தடவினாற்போல் பச்சை கலந்த கறுப்பு. அதில் ரெண்டு மூன்று கிலோ. பையில் நம்பர், கல்லில் நம்பர், நோட்டில் நம்பர். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். (இது எனக்குப் புரிந்தது. வவுச்சர், பில், லெட்ஜர்.)

ரெண்டு நாளில் நான் பார்த்த வரைக்கும் இந்தப் படிப்பின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பாறை முன்னால் ரெண்டு பேர் நின்று, 'இது அதை வெட்டுது', 'இல்லை சார், அது இதை வெட்டுது' என்று மல்லுக்கு நிற்பது. புத்தகத்தில் வராது. யூட்யூபில் வராது. கைடுக்கு முட்டி வலி வந்தால் பாதிப் பாடம் போச்சு.

மலையிலிருந்து இறங்கிய கல் லேபுக்குப் போகிறது. அங்கே அதை வெட்டி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்கிறார்கள். தலைமுடியைவிட மெல்லிசு. கல் கண்ணாடி மாதிரி ஆகிவிடும்! தேய்க்கத் தெரிந்த டெக்னீஷியன் கிடைத்தால் பாக்கியம். கிடைக்காவிட்டால் மாணவரே தேய்க்க வேண்டும். ஒரு நிமிஷம் அதிகம் தேய்த்தால் கல்லே மறைந்து போகும்.

தம்பி எனக்கு ஒன்றை மைக்ராஸ்கோப்பில் காட்டினார். நடுவில் ஒரு கட்டி. மேடையைத் திருப்பினால் ரோஸ், இன்னும் கொஞ்சம் திருப்பினால் பச்சை. மயில் கழுத்துப் பட்டுப்புடவை மாதிரி. 'இதுதாங்கண்ணா ஹைப்பர்ஸ்தீன். இது இருந்தாத்தான் சார்னோகைட்' என்றார். ஹேர்பின் வளைவில் கறுப்பாக உட்கார்ந்திருந்த கல்லுக்குள் இந்தக் கலரா என்று நான் நாலு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

இந்தக் கல்லுக்கு வயசு சுமார் 250 கோடி வருஷம். உருவான இடம், பூமிக்குக் கீழே 25, 30 கிலோமீட்டர் ஆழம்; 700 டிகிரிக்கு மேல் சூடு. அப்புறம் மேலே இருந்த மலையெல்லாம் தேய்ந்து கரைந்து, அடியில் இருந்தது மேலே வந்து, அதன்மேல் நாம் பஜ்ஜிக் கடை போட்டிருக்கிறோம். தேய்கிற வேலை இன்னும் நடக்கிறது. உச்சியில் லட்சக்கணக்கான வருஷ மழை மற்றதைக் கழுவிவிட்டு அலுமினியத்தை மட்டும் மிச்சம் வைத்ததுதான் பாக்சைட். 1965-ல் தொடங்கிய மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்கு இங்கிருந்தும் வண்டி வண்டியாகப் போனது. 2008-ல் அங்கே உற்பத்தி நின்றது.

வயசை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டேன். எனக்காகக் கணக்கு பாஷையில் சொன்னார். ஜிர்கான் என்று ஒரு மணல் துகள் அளவு மணி. அது உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தைச் சேர்க்காது. ஆக, ஈயக் கணக்கில் ஓப்பனிங் பேலன்ஸ் நில். யுரேனியம் 238 மெதுவாக ஈயமாக மாறும். பாதி மாற 447 கோடி வருஷம். இன்றைக்கு எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று எண்ணினால், கடை திறந்து எத்தனை வருஷம் என்று தெரிந்துவிடும்.

அடேங்கப்பா! எங்கள் ஆடிட்டருக்கு இந்த மணியைக் காட்ட வேண்டும்.

சரி, இதெல்லாம் கண்டுபிடித்தாயிற்றே, தம்பிக்கு என்ன மிச்சம்? அங்கேதான் சண்டையே. இந்தப் பாறை ஏன் இவ்வளவு 'டிரை'யாக இருக்கிறது, இதிலிருந்த தண்ணீர் எங்கே போனது? கீழேயிருந்து கார்பன் டை ஆக்ஸைடு வந்து தண்ணீரைத் துரத்தியது என்று ஒரு கட்சி. பாறை கொஞ்சம் உருகி, அந்தக் குழம்பு தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்விட்டது என்று எதிர்க்கட்சி. 1960-ல் சி.எஸ்.பிச்சமுத்து என்ற மைசூர் ஜியாலஜிஸ்ட், கர்நாடகாவில் கப்பல்துர்கா என்ற இடத்தில் சாதாரணப் பாறைக்குள் திட்டுத் திட்டாக சார்னோகைட் உண்டாகியிருப்பதை 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார். அன்றைக்குத் தொடங்கிய ஆர்வத்தில் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் ஆள் வந்து தென்னிந்தியாவைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். சேர்வராயன் மலையையும் விடவில்லை. பாறைக்குள் இருக்கும் குவார்ட்ஸில், கண்ணுக்கே தெரியாத குமிழிகளில் அந்தப் பழைய வாயு இன்னும் அடைபட்டிருக்கிறது. தம்பி எண்ணிக்கொண்டிருப்பது அந்தக் குமிழிகளை.

இப்போது என் டிபார்ட்மெண்டுக்கு வருகிறேன். பணம்.

எம்.எஸ்ஸி. முடித்தபின், சி.எஸ்.ஐ.ஆர். நடத்தும் நெட் பரீட்சையில் 'புவி, வளிமண்டல, கடல், கிரக அறிவியல்' என்று ஒரு பேப்பர். அதில் நல்ல ரேங்க் வாங்கினால் ஜே.ஆர்.எஃப். தம்பி மூன்றாவது தடவையில் வாங்கினார். 2019-க்கு முன்னால் இது மாதம் 25,000 ரூபாய். 2018-ல் நாடு முழுக்க ஆராய்ச்சி மாணவர்கள் தெருவில் இறங்கிய பிறகு 31,000. 2023 ஜனவரி முதல் 37,000. ரெண்டு வருஷம் கழித்து எஸ்.ஆர்.எஃப். ஆனால் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. ரெண்டு வருஷம் ஜே.ஆர்.எஃப்., மூன்று வருஷம் எஸ்.ஆர்.எஃப். என்று அஞ்சு வருஷத்துக்குக் கூட்டினேன். சரியாக 24 லட்சம். பைசா பிசகாமல் ரவுண்டாக வந்ததில் எனக்கு ஒரு தொழில் சந்தோஷம்.

'பரவாயில்லையே தம்பி!' என்றேன்.

'பரவாயில்லீங்கண்ணா. அது எனக்கு. கல்லுக்கு?'

இங்கேதான் விஷயம். கல்லுக்குத் தனிக் கணக்கு. 'கன்டின்ஜென்ஸி' என்று பெயர். சி.எஸ்.ஐ.ஆர். மாணவருக்கு வருஷத்துக்கு 20,000 ரூபாய். அதில்தான் பஸ், ஜீப், லாட்ஜ், சாம்பிள் பை, தின் செக்ஷன், ஜெராக்ஸ், எல்லாம். ஆளுக்குத் தருகிற பணம் 2019-ல் ஏறியது, 2023-ல் ஏறியது. கல்லுக்குத் தருகிற இந்த இருபதாயிரம் ரெண்டு தடவையும் ஏறவில்லை. ஜிர்கான் எண்ணுகிற மெஷின் ஹைதராபாத் மாதிரி ஊர்களில்தான் இருக்கிறது. சாம்பிளுக்கு இத்தனை என்று கட்டணம், அதற்குமேல் ஜி.எஸ்.டி., ரயில் டிக்கெட், தங்கல். நாற்பது கல் பொறுக்கியவர் எட்டுக் கல்லை மட்டும் அனுப்புகிறார். மீதி முப்பத்திரண்டும் லேப் பெஞ்சுக்கு அடியில் சாக்கில். எந்த எட்டு என்று தேர்ந்தெடுக்கிற ராத்திரி தூக்கம் வராதாம்.

செலவு செய்தால் ரசீது வேண்டும். மலைக் கிராமத்து ஜீப் டிரைவரிடம் ஜி.எஸ்.டி. பில் கேட்டுப் பாருங்கள்! கல் மூட்டைக்கு பஸ்ஸில் போட்ட லக்கேஜ் டிக்கெட்டைக் கூட தம்பி ஒரு கவரில் பத்திரமாக வைத்திருக்கிறார். பாதியில் எழுத்து அழிந்து விட்டது. அந்தக் காகிதத்தின் ஆயுள் ஜிர்கான் மாதிரி இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு விவரம். 2018-ல் தொடங்கிய பிரதமர் ஆராய்ச்சி ஃபெலோஷிப் வாங்குகிறவருக்கு மாதம் 70,000-ல் ஆரம்பித்து 80,000 வரை; அதோடு ஆராய்ச்சிச் செலவுக்கு வருஷத்துக்கு ரெண்டு லட்சம். ஐ.ஐ.டி. மாதிரி இடங்களில் படிக்கும் பொறுக்கி எடுத்த சிலருக்கு. தாராளமாகத் தரட்டும், சந்தோஷம். ஆனால் கல் கனம் ரெண்டு பேருக்கும் ஒன்றுதானே சார்?

தம்பியாவது பரவாயில்லை. அவர் லேபில் மூன்று மேஜை. ரெண்டாவது மேஜை ஒரு பெண். நெட்டில் ஒரு மார்க்கோ ரெண்டு மார்க்கோ தவறி, ஃபெலோஷிப் இல்லை. மத்திய பல்கலைக்கழகமாக இருந்தால் நெட் இல்லாதவருக்கும் யு.ஜி.சி. மாதம் 8,000 தரும். மாநிலப் பல்கலைக்கழகத்தில் அது கிடையாது. தமிழக அரசு ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு முழுநேர ஆராய்ச்சிக்கு ஊக்கத்தொகை தருகிறது. முதலமைச்சர் பெயரில் ஒரு ஆராய்ச்சி உதவித்தொகையும் பரீட்சை வைத்துத் தருகிறார்கள். முதலாவதற்கு இவர் தகுதிப் பட்டியலில் இல்லை, ரெண்டாவதில் தேறவில்லை. சாயங்காலம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு கெமிஸ்ட்ரி டியூஷன் எடுத்து அந்தப் பணத்தில் ஆராய்ச்சி.

இவருக்கு இன்னொரு செலவு. ஆண் மாணவர் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு தனியாகக் காபி எஸ்டேட்டுக்குள் இறங்கி விடலாம். காட்டெருமை வந்தால் மட்டும் பயந்தால் போதும். பெண்ணுக்குத் துணை வேண்டும் என்கிறது வீடு. ஆகவே அவருடைய அப்பா, ஸ்பின்னிங் மில்லில் ரிட்டயரானவர், சாம்பார் சாதத்தையும் குடையையும் எடுத்துக்கொண்டு கூடவே வருகிறார். ரெண்டு வருஷமாக. ரெண்டு பஸ் டிக்கெட். இப்போது அப்பா தூரத்திலிருந்தே, 'அது நைஸும்மா, சார்னோகைட்டு இல்லை' என்று சொல்கிற அளவுக்குத் தேறிவிட்டார். 'முக்கால்வாசி சரியாத்தான் சொல்றாருங்க' என்றார் அந்தப் பெண். 'பிஎச்.டி.யை ரெண்டாப் பிரிச்சுத்தான் குடுக்கணும்.'

மூன்றாவது மேஜை காலி.

அதில் இருந்தவர் மலையின் வடக்குப் பக்கம் முழுவதையும் ரெண்டு வருஷம் நடந்து மேப் போட்டவர். மூன்று பேரில் கண் கூர்மையானவர் அவர்தான் என்று மற்ற ரெண்டு பேரும் தனித் தனியாகச் சொன்னார்கள். கைடு ரிட்டயரானார். ஓய்வுக்கு மூன்று வருஷத்துக்குள் இருக்கிற ஆசிரியர் புதிதாக மாணவர் எடுக்கக் கூடாது என்கிறது யு.ஜி.சி.யின் 2022 விதி. இவர் அதற்கு முன்பே சேர்ந்தவர். மிச்சமிருந்த ஆசிரியரிடம் ஏற்கனவே இடம் நிறைந்து விட்டது. உதவிப் பேராசிரியர் என்றால் நாலு பேர், இணைப் பேராசிரியர் ஆறு, பேராசிரியர் எட்டு, அதற்குமேல் வைத்துக்கொள்ள முடியாது. ரிட்டயரானவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. மாதாமாதம் வருகிற பணமும் இல்லை. வீட்டில் தங்கை கல்யாணம். ஒரு கிரானைட் குவாரியில் சூப்பர்வைசர் வேலை வந்தது. போய்விட்டார்.

அவர் விட்டுப் போன நோட்டுகள் ஏழு, பீரோவில் இருக்கின்றன. தம்பி ஒன்றை எடுத்துக் காட்டினார். பென்சிலில், ஓரத்தில் வடக்குக் குறி போட்டு, ஒவ்வொரு வளைவும் படமாக. கடைசிப் பக்கத்தில் ஒரு பாறை பாதி வரையப்பட்டு, மேலே 'மழை. நாளைக்கு' என்று எழுதியிருந்தது.

வெளிநாட்டில் எப்படி? ஜெர்மனியில் டாக்டர் பட்ட மாணவருக்கு முழு வேலையில் பாதி, முக்கால் என்று கணக்குப் போட்டு ஊழியர் மாதிரியே சம்பளம் தருகிற பழக்கம் உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலும் ப்ரொஃபஸர் வாங்குகிற ஆராய்ச்சி நிதியிலிருந்து மாணவருக்கும் அவர் கல்லுக்கும் சேர்த்துப் பணம் வரும். ஒரு கைடு இல்லை, நாலைந்து பேர் கமிட்டி. இங்கேயும் சட்டத்தில் ஆராய்ச்சி ஆலோசனைக் கமிட்டி இருக்கிறது. செமஸ்டருக்கு ஒரு தடவை அதன்முன் நிற்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். 'ஆனா கமிட்டி ஏ.சி. ரூம்ல கூடுதுங்கண்ணா. ஒரே ஒரு தடவை பதினாலாவது வளைவுல கூடினா எவ்வளவோ நல்லாருக்கும்' என்றார் தம்பி. எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஜீப் வாடகைக்கு யார் ரசீது தருவது என்பதுதான் கேள்வி.

இன்னொரு முடிச்சு, இங்கிலீஷ். தம்பி பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். பாறையைப் பார்த்தால் கதை சொல்கிறார். எழுது என்றால் கை நின்றுவிடுகிறது. குறைந்தது 12 கிரெடிட்டுக்கு கோர்ஸ் வொர்க் படித்திருக்கிறார்: ஆராய்ச்சி முறை, ஆராய்ச்சி ஒழுக்கம் எல்லாம் உண்டு. ஒரு பாராவை எப்படி எழுதுவது என்பது மட்டும் எதிலும் இல்லை. எழுதியதை சாஃப்ட்வேரில் போட்டுக் காப்பியா என்று பார்ப்பார்கள். பத்து சதவீதம் வரை மன்னிப்பு. சேலத்தின் பாறை அமைப்பைப் பற்றி நூற்றைம்பது வருஷமாக எழுதுகிறார்கள். அதையே இன்னொரு தடவை, யார் மாதிரியும் இல்லாமல், அதுவும் இங்கிலீஷில் எழுத வேண்டும்! தம்பியின் கைடு சனிக்கிழமை தோறும் ரெண்டு பக்கம் உட்கார்ந்து திருத்தித் தருகிறார். ஒவ்வொரு பாரா ஓரத்திலும் சிவப்பு மையில் ஒரே கேள்வி: 'அதனால் என்ன?' அவருக்கு இதற்கு ஓவர்டைம் கிடையாது. டீ கூட அவர் செலவு.

வீட்டுக் கேள்வி தனி. கூடப் படித்தவர்களில் ரெண்டு பேர் ஜியாலஜிகல் சர்வே பரீட்சை எழுதி, எம்.எஸ்ஸி.யோடு கெஜட்டட் ஆபீசர் ஆகிவிட்டார்கள். அம்மாவுக்கு அது தெரியும். 'ஏங் கண்ணு, இன்னும் எத்தனை வருஷம் கல்லுப் பொறுக்குவ?' யு.ஜி.சி. கணக்கில் குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஆறு வருஷம். அப்புறம் ரெண்டு வருஷம் நீட்டிப்பு கேட்கலாம், பெண்களுக்கு இன்னும் ரெண்டு. ஃபெலோஷிப் அஞ்சு வருஷம்தான். ஆறாவது வருஷம் என்ன செய்வீர்கள் என்றேன்.

'அம்மா ஃபெலோஷிப்ங்கண்ணா' என்றார். 'அதுக்கு ரெனியூவல் உண்டு. தினம் காலைல வைவா.'

நிஜ வைவா அடுத்த வருஷக் கடைசியில் இருக்கலாம் என்கிறார். குமிழிக் கணக்கு இன்னும் முடியவில்லை. எட்டில் ரெண்டு கல் ரிசல்ட் எதிர்க்கட்சிக்குச் சாதகமாக வந்து தொலைத்திருக்கிறது. கைடுக்கு அதில்தான் ஏக சந்தோஷமாம். மூன்றாவது மேஜைக்காரரின் நோட்டில் வடக்குப் பக்கத்தில் அதே மாதிரி ஒரு இடம் குறித்திருக்கிறது. குவாரிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. வந்து இடத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். பஸ் சார்ஜ் அவரவர் செலவு.

பிஎச்.டி. வைவா என்பது பொது நிகழ்ச்சி. நோட்டீஸ் போர்டில் தேதி ஒட்டுவார்கள். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், கேள்வி கூடக் கேட்கலாம். கடைசியில் காபியும் சமோசாவும் உண்டு. அது கன்டின்ஜென்ஸியில் வராதாம், விசாரித்து விட்டேன்.